கையில் போட்ட வட்டம்

அத்தியாயம் பதினேழு

அர்ஹமின் இடது முன்கையில் நேர்ஸ் பேனையால் போட்ட வட்டம் மூன்று நாளாகியும் அழியவில்லை. அழிய விட்டால்தானே! குளிப்பாட்டும்போது அந்தக் கையை மட்டும் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டாள் ஷாஹினா. அவனோ பத்து மாதத்துப் பயல். கையைப் பறித்து வாளியில் ஓங்கி அடித்து, அவள் முகமெல்லாம் தண்ணீராக்கிவிட்டுச் சிரித்தான்.

ஷாஹினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வட்டத்துக்குள் தோல் தடித்துச் சிவந்து கிடந்தது. மார்ச் மாதம் இதே கையில் இதே ஊசியைப் போட்டபோது ஒரு நுளம்புக்கடி அளவுக்குத்தான் வீங்கியது. அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கு அவளுடைய ராத்தா ஹுஸ்னியா வட்டிலாப்பம் அவித்து ஒழுங்கை முழுக்கக் கொடுத்தாள்.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஷாஹினாவைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கிழமைதான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மருதமுனையில் கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அவளுடைய சீதன வீடு. புருஷன் பர்ஸான் கல்முனையில் சாரன் கடை வைத்திருக்கிறான். அவர்களுடைய ஒரே பிள்ளை நிப்றாஸ், ஜனவரியில் மூன்று மாதக் குழந்தையாகவே இறந்து மையவாடிக்குப் போய்விட்டான்.

ஹுஸ்னியாவும் அவள் கணவர் றஸ்மியும் பதினொரு வருடமாக மெல்பனில். பிள்ளை இல்லை. ஒரு சிறுவர் இல்லத்திலிருந்து வளர்க்க எடுத்த பிள்ளைதான் அர்ஹம். கோட்டில் வழக்கு முடியும்வரை பிள்ளை ஹுஸ்னியாவோடு இருக்கலாம் என்று உத்தரவாகி, பெப்ரவரியில் ஊருக்கு வந்தான். றஸ்மி விடுமுறை முடிந்து போய்விட்டார். ஹுஸ்னியா பிள்ளையோடு பின்வளவிலுள்ள தன் வீட்டில் இருக்கிறாள். இருக்கிறாள் என்பது பேருக்குத்தான். பிள்ளை இரவும் பகலும் ஷாஹினாவின் மடியில்.

அதற்கும் காரணம் இருந்தது. வளர்க்கிற பிள்ளை ஆளாகிவிட்டால் ஹுஸ்னியாவுக்கு அவன் அந்நிய ஆண். சொந்த வீட்டுக்குள்ளேயே அவள் முக்காட்டோடு திரிய வேண்டும். ஆனால் இரண்டு வயதுக்குள் அவளுடைய தங்கச்சி ஐந்து தடவை வயிறாரப் பால் கொடுத்துவிட்டால், தங்கச்சி அவனுக்குப் பால் கொடுத்த உம்மா, ஹுஸ்னியா பெரியும்மா. பிறகு ஒரு மறைப்பும் வேண்டாம். தங்கச்சிக்கோ பால் இருந்தது. குடிக்கத்தான் பிள்ளை இல்லை.

போத்தலில் வளர்ந்த பிள்ளைக்கு முதலில் குடிக்கத் தெரியவில்லை. கரண்டியால் ஊட்டி, சொட்டுச் சொட்டாய்ப் பழக்கி, எட்டாம் நாள்தான் பிடித்துக்கொண்டான். ஐந்து தடவை போதுமென்று மௌலவி சொன்னார். ஷாஹினா ஐந்தோடு நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவாள்? நிப்றாஸைத் தாலாட்டிய சேலை ஏணையை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அர்ஹமுக்குப் பால் கொடுத்தால், விழுங்குகிற அந்தச் சத்தம் நிப்றாஸின் சத்தம். கண்ணைத் திறந்தால் வேறு முகம். அதனால் அவள் கண்ணைத் திறப்பதில்லை.

போன கிழமை, கிணற்றடியில் யாரும் காணுமுன் முக்காட்டு ஓரத்துக்குச் சவர்க்காரம் போட்டாளே, அதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இருமும்போது பட்ட இரத்தம் அது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை மடியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்றுதான். தனக்கு என்ன வருத்தம் என்று அவள் யோசிக்கவே இல்லை. மவுத்தானால் நிப்றாஸிடம் போகலாம் என்று இருந்தாள், பைத்தியக்காரி.

இன்று வியாழக்கிழமை. வீக்கத்தை அளக்கிற நாள்.

ஏழரைக்கே ஹுஸ்னியா பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடிமட்டம் ஒன்றோடு வந்துவிட்டாள். கிளினிக்கில் அளக்கத்தானே போகிறோம், இப்போது எதற்கு என்று ஷாஹினா கேட்டும் விடவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றி, அடிமட்டத்தைப் பிள்ளையின் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அடிமட்டத்தைக் கைப்பையில் போட்டாள்.

பாவம், அவளுக்கும் பயம். மெல்பனுக்குப் போகிற வளர்ப்புப் பிள்ளை என்றால் சும்மா விடுவார்களா? எயிட்ஸ், ஈரல் அழற்சி, மலேரியா, வயிற்றுப் பூச்சி, சயரோகம் என்று ஒவ்வொன்றுக்கும் இரத்தமும் மலமும் எடுத்து மார்ச்சில் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். வழக்கு இழுபட்டுக் கடதாசி பழசாகிவிட்டதால், தோலுக்குள் போட்டு, வீங்கினால் வருத்தம் என்று பார்க்கிற சயரோக ஊசியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். வெறும் கடதாசி வேலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பர்ஸான் தேத்தண்ணியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெத்தவ ஆரு, எந்த ஊரு எண்டே தெரியா," என்றான். "அந்த ரெத்தத்துல என்ன கிடக்கோ. நான் அண்டைக்கே செல்லினன்."

ஹுஸ்னியாவின் முகம் சுண்டிப்போனது. ஷாஹினா பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பர்ஸான் அர்ஹமை ஒரு நாளும் தூக்கியதில்லை. நிப்றாஸையும் அவன் அதிகம் தூக்கியதில்லை. கைக்குழந்தையென்றால் சில ஆம்பிளைகளுக்குப் பயம் என்று அவள் அப்போது தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நெஞ்சுக்குள் அந்த அரிப்புத் தொடங்கியது. உள் அறைக்குப் போய்த் தலையணையில் வாயை வைத்து இருமினாள். சில வேளை அந்தச் சத்தம் தன்னுடையது மாதிரி அவளுக்குக் கேட்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ இருந்து இருமுவது மாதிரிக் கேட்கும். நிப்றாஸ் பிறந்து நாற்பது வைத்த நாளிலிருந்து அந்த ஆள் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறது. கொத்தமல்லிக்கும் போகவில்லை, பாணி மருந்துக்கும் போகவில்லை. பின்னேரக் காய்ச்சலையும், சட்டை தோளில் நிற்காத மெலிவையும் யாரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மெலியாமல் கொழுக்கவா செய்வாள்?

கடைவாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கராம்பு இருந்தால் இருமல் அரை மணித்தியாலம் தாங்கும்.

ஆட்டோவில் கல்முனைக்குப் போனார்கள். கிளினிக் வாசலில் இறங்கும்போதுதான் ஹுஸ்னியா தங்கச்சியின் காதோரம் குனிந்தாள். செல்லத்தங்கம் மிஸ் வந்திருப்பா, நீ சும்மா துணைக்கு வந்த ஆள், பால் கதையை வாயிலும் எடுக்காதே என்றாள். ஷாஹினா தலையாட்டினாள். இது புதுக் கதையில்லை. மார்ச்சிலிருந்து இதே கதைதான்.

செல்லத்தங்கம் நன்னடத்தை உத்தியோகத்தர். வளர்க்கக் கொடுத்த பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். நல்ல மனிசி, ஆனால் பேனை எடுத்தால் தகப்பனுக்கும் பார்க்காத ஆள். மடியில் அர்ஹமின் வழக்குக் கோப்பை வைத்துக்கொண்டு யன்னலோர வாங்குப் பலகையில் இருந்தார். அர்ஹம் அவரைக் கண்டதும் ஷாஹினாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தான்.

"இவர் உங்களோடதான் நல்ல ஒட்டு போல," என்றார் செல்லத்தங்கம்.

ஷாஹினா வாயை மூடியபடி சிரித்து வைத்தாள். வாயில் கராம்பு.

டொக்டர் மட்டக்களப்புப் பெண். வயது முப்பத்தைந்துக்கு மேலிராது, அதற்குள் பாதித் தலை நரைத்திருந்தது. பிள்ளையின் கையை மடியில் வைத்து, பேனை நுனியை இரண்டு பக்கத்திலிருந்தும் மெதுவாக நகர்த்தி, தடிப்புத் தொடங்குகிற இடத்தில் கோடு போட்டார். பிறகு அளந்தார்.

பதினாறு மில்லிமீற்றர். மார்ச்சில் நாலு.

நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொன்னார். படம் எடுக்கும்போது அர்ஹம் கூரை பிய்யக் கத்தினான். முக்கால் மணித்தியாலத்தில் படம் வந்தது. டொக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நெத்தலி முள் மாதிரி சின்னச் சின்ன விலா எலும்புகள். நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு.

நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது, சயரோகம்தான், இன்னும் ஒன்றிரண்டு சோதனை பார்க்க வேண்டும், ஆனால் மருந்தை இன்றைக்கே தொடங்கலாம் என்றார். ஆறு மாதம் ஒழுங்காகக் கொடுத்தால் முழுக்கச் சுகமாகும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை ஹுஸ்னியாவின் காதில் ஏறவேயில்லை.

"பெத்த தாய்க்கிட்ட இருந்து வந்ததா டொக்டர்?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்தில், ஓம் என்று சொல்லுங்கள் என்ற கெஞ்சல் இருந்தது.

டொக்டர் இல்லையென்று தலையசைத்தார். அப்படியென்றால் மார்ச்சிலேயே காட்டியிருக்குமாம். பிள்ளை இல்லத்தை விட்டு வந்தபோது சுத்தமாகத்தான் வந்திருக்கிறான். இது பிறகு வாங்கினது.

"கைப்பிள்ள இந்த வருத்தத்த ஆருக்கும் குடுக்கிறல்ல," என்றார். "பெரிய ஆக்கள்தான் பிள்ளைக்குக் குடுக்கிற. பக்கத்துல வெச்சு, கன நாளா, ஆரோ இருமியிருக்காங்க. வீட்டுல ஆர் இருமுற?"

ஹுஸ்னியா யாருமில்லை என்றாள். நானும் றஸ்மியும் மார்ச்சிலேயே படம் எடுத்தோம், இரண்டு பேருக்கும் சுத்தம் என்றாள். செல்லத்தங்கமும் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர் என்றுதான் படிவத்தில் இருக்கிறது என்றார்.

மேசைக்குக் கீழே ஹுஸ்னியாவின் கை வந்து ஷாஹினாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

அந்தப் படிவம் நிரப்பின நாள் ஷாஹினாவுக்கு நன்றாக ஞாபகம். அவளுடைய வீட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினார்கள். சோதித்துப் பார்க்காத பெண் பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்பது இல்லத்தின் சட்டம். பால் கதை வெளியே வந்தால் பிள்ளையைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்று ஹுஸ்னியா பயந்தாள். அப்போது பர்ஸான்தான் வழி சொன்னான். உங்கட வீடு வேற, எங்கட வீடு வேற, எங்கட பேர் என்னத்துக்கு, உங்க ரெண்டு பேரையும் போடுங்க என்றான். எவ்வளவு கெட்டிக்கார மாப்பிள்ளை என்று அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோசம்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் மருந்து கொடுத்தும் பிரயோசனமில்லை, பிள்ளை திரும்ப அதே மூச்சுக்குள்தான் போகும் என்றார். செல்லத்தங்கத்துக்கும் வேறு வழியில்லை. இல்லத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள், நாலு ஆயாமார். இங்கே யாருமில்லையென்றால் அங்கே எல்லாரையும் சோதிக்க வேண்டும், அர்ஹமையும் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போக வேண்டிவரும் என்றார்.

ஷாஹினா கராம்பைக் கடித்தாள். அது முன்னமே சப்பித் தீர்ந்துபோயிருந்தது. நெஞ்சுக்குள் அந்த ஆள் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று தன் நெஞ்சையே கெஞ்சினாள். வீட்டுக்குப் போனால் ஏதாவது வழி பார்க்கலாம். தூர இருந்து, வாயைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை ஹுஸ்னியாவிடம் விட்டுவிட்டு...

"நேரத்தோட பிடிச்சது நல்ல காலம்," என்றார் டொக்டர். அவர் ஹுஸ்னியாவுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "இத விடச் சின்னப் பிள்ளையெண்டா சில நேரம் தலைக்கு ஏறிரும். முதல்ல காய்ச்சல். மறுகா பால் குடிக்காம, எழுப்பினாலும் எழும்பாம நித்திரை. மறுகா வலிப்பு. ரெண்டு மூணு நாள்தான். வெறும் மூளைக்காய்ச்சல் எண்டு நினைச்சுக் கொண்டுபோய் அடக்கிருவாங்க. என்னெண்டு வந்த எண்டு ஒருத்தருக்கும் தெரியாமலே போயிரும்."

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அர்ஹம் டொக்டரின் பேனையை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காய்ச்சல். செவ்வாய்க்கிழமை பால் குடிக்கவில்லை, எழுப்ப எழுப்ப நித்திரை. புதன் சுபஹுக்கு வலிப்பு. வியாழன் ளுஹருக்கு முன் மையித்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அசருக்கு அடக்கியாகிவிட்டது. இதை ஷாஹினா ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள். எந்த இடத்தில் பிழைத்தது, எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிள்ளை தப்பியிருப்பான் என்று தேடுகிறாள். திங்கட்கிழமைக்கு முந்தி அவள் தேடினதேயில்லை.

திங்கட்கிழமைக்கு முந்தி நிப்றாஸ் அவள் மடியில்தான் இருந்தான். அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவன் முகம். அவள் இருமுவாள். அவன் திடுக்கிட்டுக் குடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பான். பிறகு குடிப்பான்.

அல்லாஹ்வே.

அவள் மூச்சை விட்டாள். இருமல் வெடித்துக்கொண்டு வந்தது. எட்டு மாதமாகத் தலையணைக்குள்ளும் முக்காட்டுக்குள்ளும் புதைத்து வைத்திருந்ததையெல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் இருமித் தீர்த்தாள். இருமிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஹுஸ்னியாவின் மடியில் போட்டாள். போட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள்.

"நான்தான் டொக்டர்," என்றாள். "இருமுற நான்தான். என்ட பேர அதுல எழுதல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒருவர் கேட்டும் சொல்லவில்லை, கொட்டினாள். பால் கொடுத்தது, ஐந்தோடு நிறுத்தாதது, இரவில் பக்கத்தில் போட்டுக்கொண்டது, பின்னேரக் காய்ச்சல், முக்காட்டில் இரத்தம். செல்லத்தங்கம் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹுஸ்னியா பிள்ளையின் தலையில் முகத்தை வைத்து அழுதாள். அது தங்கச்சிக்காகவா, பிள்ளைக்காகவா, அவனைக் கூட்டிப் போக முடியாத மெல்பனுக்காகவா என்று அவளுக்கே தெரிந்திராது.

டொக்டர் யன்னலை அகலத் திறந்துவிட்டு, ஷாஹினாவுக்கு ஒரு முகக் கவசம் கொடுத்தார். பால் கொடுத்ததில் ஒரு பிழையுமில்லை, பாலில் இது வருவதில்லை, மூச்சில்தான் வருகிறது என்றார். அது ஆறுதலா இல்லையா என்று ஷாஹினாவுக்கு விளங்கவில்லை.

வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"இருந்த," என்றாள். "நீங்க இப்ப செல்லினீங்களே, காய்ச்சல், நித்திரை, வலிப்பு எண்டு. அதுதான் என்ட புள்ள."

டொக்டர் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். மரணச் சோதனை செய்தார்களா என்று மெதுவாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்தான். பிள்ளையின் உடம்பைக் கீறவேண்டாம் என்று பர்ஸான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கையெழுத்துப் போட்டு மையித்தை எடுத்துவந்தான். அன்றைக்கு அவள் அதற்காக அவனுக்குத் துஆச் செய்தாள்.

"நானா டொக்டர் என்ட புள்ளயக் கொண்ட?"

டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியிலிருந்து கழற்றினார். இனி அதை நிச்சயமாகச் சொல்ல ஒருவராலும் முடியாது, அப்படி இருந்திருக்கலாம் என்று உண்மையைத்தான் சொன்னார். பிறகு எழும்பி வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"தெரிஞ்சு செய்யல்லியே அம்மா. உங்களுக்கும் ஆரோ தந்ததுதான். அது ஆரெண்டு யோசிச்சுப் பாருங்க. அந்த ஆளும் எங்கயோ இருமிக்கிட்டுத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அர்ஹமை வாட்டில் அனுமதிப்பதென்று முடிவானது, ஹுஸ்னியா கூட நிற்கலாம். ஷாஹினா படம் எடுத்து, சளி கொடுத்து, நாளைக்கே மருந்தைத் தொடங்க வேண்டும். டொக்டர் சொல்லும்வரைக்கும் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது. கோட்டுக்கு என்ன எழுதுவதென்று செல்லத்தங்கம் மிஸ் சொல்லவில்லை. இரவைக்கு யோசிக்க வேணும் என்று மட்டும் சொல்லிக் கோப்பை மூடினார்.

வாட்டுக்குக் கொண்டுபோகும்போது ஹுஸ்னியாவின் தோளுக்கு மேலால் அர்ஹம் இரண்டு கையையும் ஷாஹினாவை நோக்கி நீட்டினான். இடது கையில் அந்த வட்டம். அவளுடைய கைகள் தாமாக எழும்பின. பிறகு அவள் அவற்றைக் கமுக்கட்டுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவன் கத்திக்கொண்டே போனான். அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது.

ஹுஸ்னியா நடைவழியின் கடைசி மட்டும் போய்த் திரும்பி நின்றாள். இவ்வளவு நேரமும் தங்கச்சியின் முகத்தைப் பார்க்காதவள் இப்போது பார்த்தாள்.

"பேர எழுதாம விட்டது நான் கா," என்றாள். அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஷாஹினா படம் எடுக்க நின்ற வரிசையில் ஒரு நேர்ஸ் வந்து மருந்தைப் பற்றி விளக்கம் சொன்னாள். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை எடுக்க வேண்டும். சுகமாகிவிட்டது என்று நினைத்து இடையில் விட்டவர்கள்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பிறகு, மறந்துபோனதைப் போல, ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள்.

"இந்தக் குளிசை போட்டா மூத்திரம் செம்மஞ்சளாப் போகும். ரெத்தமெண்டு பயந்துராதீங்க."

ஷாஹினா ஓம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் பாதியில் நின்றது.

அவள் அந்த நிறத்தைக் கண்டிருக்கிறாள்.

போன வருடம், நிப்றாஸ் வயிற்றில் இருக்கும்போது. குளியலறைக் கக்கூசில் செம்மஞ்சள் கறை. என்ன இது என்று கேட்டதற்கு, விட்டமின் குளிசை புள்ள, கட்டாருக்கு உழைக்கப் போகத் தெம்பு வேணுமே என்று பர்ஸான் சிரித்தான். அந்தக் குளிசை ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோதான் இருந்தது. பிறகு கட்டார்ப் பயணம் நின்றுபோனது. மெடிக்கலில் விழுத்திவிட்டார்கள், ஏஜென்சிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பர்ஸான் ஊரெல்லாம் திட்டித் திரிந்தான். அவனுக்கும் அப்போது இருமல் இருந்தது. கடைத் தூசு என்றான்.

வீட்டுக்கு வந்தபோது அசர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. யாருமில்லை. நிப்றாஸின் ஏணை காற்றுக்கு மெல்ல ஆடியது. முந்தியென்றால் அதைத் தாண்டிப் போகும்போது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். இன்றைக்குப் பார்க்கத் தைரியமில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறி அலுமாரியின் மேலே கையை விட்டாள். பழைய பாய், பெருநாள் சட்டைப் பெட்டி, அதற்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்த பெரிய மண்ணிற உறை. ஒரு வருடமாக அதில் தூசி தட்டியிருக்கிறாள். ஏஜென்சிக் கடதாசி, தொடவேண்டாம் என்று அவன் சொன்னதால் ஒரு நாளும் திறந்ததில்லை.

உள்ளே ஒரு நெஞ்சுப் படம். யன்னலில் பிடித்தாள். காலையில் பார்த்த சின்ன எலும்புகளின் இடத்தில் இப்போது பெரிய எலும்புகள். வலது பக்கம் மேலே, அதே வெள்ளை.

படத்தோடு ஒரு துண்டும் விழுந்தது. கிளினிக் துண்டு. மேலே பர்ஸானின் பேர். திகதியைப் பார்த்தாள். நிப்றாஸ் பிறக்க மூன்று மாதத்துக்கு முந்திய திகதி. கீழே பேனையால் யாரோ தெளிவாக, அவசரமில்லாமல் எழுதியிருந்தார்கள்:

மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அடுத்த முறை கட்டாயம் பரிசோதனைக்கு அழைத்து வரவும்.

அதற்குக் கீழே, விளங்கிக்கொண்டேன் என்ற இடத்தில், அவனுடைய கையெழுத்து. பிள்ளையின் உடம்பைக் கீறவேண்டாம் என்று போட்ட அதே கையெழுத்து.

கதிரையில் இருந்துவிட்டாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. எங்கட பேர் என்னத்துக்கு என்று அவன் சொன்னது காதில் கேட்டது. ஒரு தடவையில்லை, திரும்பத் திரும்பக் கேட்டது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செருப்பைக் கழற்றிக்கொண்டே அவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஷாஹினா, என்ன புள்ள செல்லினாங்க? அதுக்கு ஆருக்கிட்ட இருந்து வந்ததாம்?"

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி, வாயைப் பொத்தாமல் இருமினாள்.